பட்டாவில் இல்லாத பேர்

இளங்கலை முதலாமாண்டு வகுப்பில் நான் கொடுக்கும் முதல் எழுத்துப் பயிற்சிக்கு 'எங்கள் ஊர்' என்று தலைப்பு. இரண்டு பக்கம் எழுதினால் போதும். பல ஆண்டுகளாகத் திருத்தி வருவதால், பெயரை மறைத்துக் கொடுத்தாலும் எழுதியது ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவேன். பையன்கள் ஊரை நிறுவியவரில் தொடங்குவார்கள். கோயில், தேர், எந்தத் தலைவர் எந்த ஆண்டு வந்து பேசினார், கபடியில் எத்தனை கோப்பை என்று போகும். பெண்கள் எழுதும் ஊரில் குழாயில் தண்ணீர் வரும் நேரம் இருக்கும். பஸ் நிலையத்தில் கழிப்பறைக்குப் பூட்டு இருப்பது, எந்தச் சந்தில் விளக்கு எரியாது, ஆறு மணிக்கு மேல் எந்தக் கடைப்பக்கம் போகக் கூடாது என்பதெல்லாம் இருக்கும். இரண்டு வகைத் தாளுக்கும் மதிப்பெண் போடுகிறேன். ஆனால் 'ஊர் வரலாறு' என்று நாம் அச்சடிக்கும் புத்தகங்களில் முதல் வகைத் தாள்கள் மட்டும்தான் இருக்கின்றன. என் ஊரைப் பற்றி இரண்டாம் வகையிலும் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

என் ஊர் பாப்பிரெட்டிப்பட்டி. தருமபுரி மாவட்டம் என்று சொன்னதும் நிறைய பேர், "ஓ, சுப்பிரமணிய சிவா ஊரா?" என்பார்கள். அது பாப்பாரப்பட்டி. பென்னாகரம் பக்கம். சிவா 1925 ஜூலையில் இறந்தது அங்கேதான். எங்களுடையது மாவட்டத்தின் மறுகோடி. ஏற்காட்டுக்கு அடிவாரம், சேலத்திலிருந்து மஞ்சவாடிக் கணவாய் தாண்டி அரூர் போகும் வழியில் இருக்கிறது. ரயில் ஏற வேண்டுமானால் பொம்மிடிக்குப் போக வேண்டும். இந்த இரண்டு ஊர்ப் பெயர்க் குழப்பத்தில் என் கல்யாணப் பத்திரிகை ஒன்று பாப்பாரப்பட்டி போய்த் திரும்பி வந்தது.

பெயரைப் பிரித்தால் பாப்பி ரெட்டி என்று ஒருவர் வந்து நிற்கிறார். அவர் எந்தக் காலத்தவர் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். கதைகளில் அவருக்குக் குதிரை உண்டு, குளம் வெட்டிய புண்ணியம் உண்டு. மனைவி ஒருத்தி இருந்ததாக ஒரு கதையிலும் நான் கேட்டதில்லை. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் பகுதி இது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா பேரனைத் தெலுங்கில் கொஞ்சுவார், தமிழில் திட்டுவார்.

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். தமிழ் படித்தவள் என்பதால் மேடைகளில் எனக்கும் 'ஔவை பிறந்த மண்ணிலிருந்து வந்தவர்' என்று அறிமுகம் கொடுப்பார்கள். ஔவை எங்கே பிறந்தாள் என்று யாருக்கும் தெரியாது. தகடூர் அரசவையில் இருந்தாள், தொண்டைமானிடம் தூது போனாள் என்பது பாடல்களில் இருக்கிறது. ஒரு பெண் போர் நிறுத்தப் பேச்சுக்குப் போனதைவிட, அவளுக்கு ஓர் ஆண் நெல்லிக்கனி கொடுத்ததுதான் நம் பாடப்புத்தகங்களில் படமாகப் போடப்படுகிறது. அந்தப் படத்திலும் கூன் விழுந்த கிழவியாகத்தான் நிற்பாள். பின்னால் வந்த வேறு ஔவைகளையும் இவளோடு சேர்த்துப் பிசைந்து, வயதையும் ஏற்றி, ஆபத்தில்லாத பாட்டி ஆக்கிவிட்டோம்.

இந்த வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. தருமபுரியிலும் செங்கம் பகுதியிலும் வட்டெழுத்துப் பொறித்த கற்கள் வயல்வரப்பில் நிற்கின்றன. ஆநிரை கவரப் போய்ச் செத்தவன், மீட்கப் போய்ச் செத்தவன் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு கல். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு, கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய்க்கும் உருவமும் பெயரும் உண்டு. நாயின் பெயர் கோவிவன். மாணவிகளுக்கு இதைப் பாடம் நடத்தும்போது, "மிஸ், அவன் அம்மா பேரு?" என்று ஒருத்தியாவது கேட்பாள். கல்லில் இல்லை என்பேன்.

கல்லுக்கு அடுத்து எங்கள் மண்ணில் பெயர் எழுதிய பெரிய காரியம் பட்டா. 1792இல் திப்பு சுல்தானுடன் நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயின. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் 1790களில் இங்கேதான் நிலத்தை அளந்து, வரி கட்டும் உழவனுக்கு நேரடியாகப் பட்டா கொடுக்கும் முறையை வளர்த்தார்கள். ரயத்துவாரி என்று பிறகு மாகாணம் முழுக்கப் போனது இந்த முறைதான். ஜமீன்தார் இடையில் வராத நல்ல ஏற்பாடு என்று வரலாற்று ஆசிரியர்கள் பாராட்டுவார்கள். களை எடுத்தவளும் நாற்று நட்டவளும் கதிர் அறுத்தவளும் இருக்க, 'ரயத்' என்று ஏட்டில் ஏறியவன் வீட்டுக்கு ஓர் ஆண். அன்று தொடங்கிய கணக்கு அது. இன்றைக்கும் எங்கள் ஊரில் ஒரு வயலைக் காட்டி "இது யாருது?" என்று கேட்டால், அதில் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும் பெண், அங்கே இல்லாத ஆணின் பேரைச் சொல்வாள்.

இனி ஆறு. வாணியாறு சேர்வராயன் மலையில் பிறந்து, எங்கள் ஊர்ப்பக்கம் இறங்கி, அரூர் வழியாகப் போய்த் தென்பெண்ணையில் சேர்கிறது. பெரிய ஆறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆண்டில் பாதி நாள் மணலாகக் கிடக்கும். நான் சிறுமியாக இருந்தபோதுதான் முள்ளிக்காட்டில் அணை வந்தது. 65 அடி. அது நிரம்பியதா இல்லையா என்பதுதான் எங்கள் ஊருக்கு ஆண்டின் முதல் செய்தி. நிரம்பினால் கால்வாய் வழியாக வெங்கடசமுத்திரம், மெணசி, ஆலாபுரம் என்று ஏரிகள் வரிசையாக நிறையும். மஞ்சள், கரும்பு, குச்சிக்கிழங்கு, தென்னை, பாக்கு, வெற்றிலைக் கொடிக்கால் எல்லாம் அந்த நீரை நம்பித்தான்.

கொடிக்காலுக்குள் வீட்டுக்குத் தூரமான நாளில் பெண்கள் போகக் கூடாது, போனால் கொடி வாடிவிடும் என்று வைத்திருந்தார்கள். ஆனால் கிள்ளிய இலையைத் தரம் பிரித்துக் கவுளி அடுக்குவது பெண்களின் வேலை. அதற்கு எந்த நாள் விலக்கும் இல்லை. அம்மாயி இதைச் சொல்லிச் சிரிப்பாள். "கொடிக்குத்தான் கண்ணு தீட்டு தெரியும். கவுளிக்குத் தெரியாது."

அணைக்கு முன்னால் ஆறு பெண்களுடையதாக இருந்தது என்று அம்மா சொல்வாள். துணி துவைக்கும் கல்லில்தான் ஊர்ச் செய்தி எல்லாம் அலசப்படும். எந்த வீட்டில் அடி விழுந்தது, யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எவள் பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பவில்லை என்பதெல்லாம் பொழுது ஏறும் முன் தெரிந்துவிடும். அணை வந்து வயலுக்குத் தண்ணீர் வந்தது, ஆற்றில் நீரோட்டம் குறைந்தது. அணை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களைப் படிக்க வைத்தது அந்தக் கால்வாய்த் தண்ணீர்தான். ஆனால் பெண்கள் கூடும் இடம் ஒன்று போனதை எந்தப் பாசனக் கணக்கும் எழுதிவைக்கவில்லை.

குடிக்கும் தண்ணீரின் கதை வேறு. எங்கள் மாவட்டம் பாறை நிலம். கிணறு வற்ற வற்ற ஆழ்துளை போட்டுக்கொண்டே போனோம். ஆழத்திலிருந்து வரும் நீரில் பாறையின் ஃப்ளோரைடு கரைந்து வரும். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கத் தகாது என்பது அளவு. பல் முளைக்கும் வயதில் அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் காவி ஏறும். எத்தனை தேய்த்தாலும் போகாது. பல ஆண்டுகள் குடித்தால் எலும்பு இறுகும். முழங்கால் மடங்காது, முதுகு நிமிராது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தண்ணீர்தான். ஆனால் காவிப் பல்லோடு மாமா வாய்விட்டுச் சிரிப்பார். சித்தி வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எங்கள் பக்கத்துப் பெண்களின் அடக்கம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்ளும் அந்தக் கை, பல்லை மறைக்க வந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் எதையாவது பேசிச் சிரிக்க வைத்துப் பார்ப்பார்கள். "பொண்ணு சிரிக்கவே மாட்டேங்குது" என்று ஒரு வரன் தட்டிப்போனது, சிரித்ததால் இன்னொன்று. என் பல்லிலும் காவிக் கோடுகள் உண்டு. சேலத்து விடுதியில் "தருமபுரித் தண்ணியா?" என்று முதல் நாளே கேட்டுவிட்டார்கள். என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்திலும் நான் வாயைத் திறக்கவில்லை. கவிதை வாசிக்க மேடை ஏறிய பிறகுதான் அந்தக் கை கீழே இறங்கியது. அதற்கும் பல ஆண்டுகள் ஆயிற்று.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரில் 'ஃப்ளோரோசிஸ் தணிப்பு' என்பதும் உண்டு. ஜப்பான் கடனுதவியோடு 2008இல் அடிக்கல் நாட்டி, கர்நாடகத்தின் எதிர்ப்புகளைத் தாண்டி, 2013இல் காவிரி நீர் குழாயில் வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 1,928 கோடி ரூபாய் திட்டம். மேடைகளில் இரண்டு கட்சிக்காரர்களும் இதைத் தங்கள் சாதனை என்று சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். என் அக்கா மகளுக்குப் பல் வெள்ளையாக முளைத்திருக்கிறது. அவள் சிரித்தால் கடைவாய் வரை தெரியும்.

அக்கா மகளைச் சொல்லும்போது கணக்கெடுப்பைச் சொல்லாமல் போக முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தில் 15,06,843 பேர். ஆண்கள் 7,74,303. பெண்கள் 7,32,540. கழித்தால் 41,763. ஆயிரம் ஆண்களுக்கு 946 பெண்கள். அப்போது மாநிலத்தின் சராசரி 996. எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசி, 68.5 சதவீதம், பெண்களில் படித்தவர் ஐந்தில் மூன்று பங்கு. 2001இல் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 826தான். 2011இல் அது 900ஐத் தாண்டியது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி 2001இல் எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. பெற்ற பிள்ளையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் போட்டுவிடு என்று ஓர் அரசாங்கம் தாய்களிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. அந்தத் திட்டத்தின் மீது எனக்கு ஒரு கோபம் உண்டு. தொட்டிலின் பக்கத்தில் நின்றவள் எப்போதும் தாய்தான். தகப்பன் எந்தச் சுவரொட்டியிலும் இல்லை.

நான் மூன்றாவது பெண். என் வகுப்பில் இரண்டு போதும்பொண்ணுகள் இருந்தார்கள். எனக்கு அந்தப் பெயர் வைக்காததற்கு அப்பாவின் புத்தகப் பித்து காரணம். நான் பிறந்தது வீட்டில். பிறந்ததும் அம்மாயி வந்து, அம்மா படுத்திருந்த அறையின் வாசற்படியில் முந்தானையை விரித்துப் படுத்துக்கொண்டாளாம். ஐந்து ராத்திரி. யார் கூப்பிட்டும் எழுந்து போகவில்லை. சோறும் அங்கேயே. இதை அம்மா எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் சொன்னாள். "எதுக்கும்மா அங்க படுத்தாங்க?" என்றேன். "காத்து வந்துச்சு போல" என்றாள். பிறகு முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே, "உங்க அப்பாயி நல்லவங்கதான். அந்தக் காலம் அப்படி" என்றாள். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் நிறைய நேரம் இருந்தது. நானும் வேறு எதுவும் கேட்கவில்லை. 826 என்ற எண்ணைப் படிக்கும்போதெல்லாம், எத்தனை வாசற்படிகளில் யாரும் படுக்காமல் போனார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

1992 என்றால் எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் நினைவு வரும். அந்த ஆண்டு ஜூன் 20ஆம் தேதி, அரூர்ப் பக்கம் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்திக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். சந்தன மரம் தேடி வந்ததாகச் சொன்னார்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் ஊர் அது. அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பிறகு அந்தப் பெண்களையே கைது செய்து சிறைக்கு அனுப்பினார்கள். எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. வீட்டில் ஆண்கள் செய்தித்தாளை மடித்து வைத்துவிடுவார்கள். கடையில் பெரியவர்கள், "சந்தனக் கட்டை கடத்தினா விடுவாங்களா?" என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. கட்டைக்கும் பெண்ணின் உடம்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்க எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

அந்தப் பெண்கள் விடவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் மாதர் சங்கமும் கூட நின்றன. வழக்கு சிபிஐக்குப் போனது. அணிவகுத்து நின்றவர்கள் நடுவே போய், இவன், இவன் என்று தொட்டுக் காட்டினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. முதல் தீர்ப்புக்கு 19 ஆண்டுகள், மேல்முறையீட்டுக்கு இன்னும் 12. எங்கள் மாவட்டத்தின் பெருமை என்று எதையாவது சொல்லச் சொன்னால், அதியமான் கோட்டைக்கு முன்னால் நான் வாச்சாத்திப் பெண்களைச் சொல்வேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், மூன்று துறைகளின் அதிகாரிகளை எதிர்த்து முப்பது ஆண்டு சாட்சி சொன்னார்கள்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியதும் எங்கள் மாவட்டத்தில்தான். 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அம்மா தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு குழுவில் சேர்ந்தாள். அங்கேதான் கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு மாறினாள். வங்கி மேலாளர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்ததை நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். குழு மட்டும் பெண்களை விடுதலை செய்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். இன்று அதே தெருக்களில் நுண்கடன் நிறுவனங்களின் பையன்கள் காலையில் பைக்கில் வந்து நிற்கிறார்கள். தவணை கட்டாதவள் வீட்டு வாசலில் மற்ற பெண்களை உட்கார வைக்கிறார்கள். சேமிக்கக் கூடியவர்கள் கடனுக்கு ஒருத்தியை ஒருத்தி காவல் காக்கும்படி ஆகிவிட்டது. அந்தக் கடன் பெரும்பாலும் மகனின் கல்லூரிக்கோ மகளின் கல்யாணத்துக்கோ போகிறது. கட்டுவது அவள்.

மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாமை முதல்வர் 2023 ஜூலையில் தொடங்கி வைத்ததும் எங்கள் மாவட்டத்துத் தொப்பூரில்தான். மாதம் ஆயிரம் ரூபாய், குடும்பத் தலைவிக்கு. அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நிபந்தனைகளில் ஒன்று, குடும்பத்துக்கு 5 ஏக்கருக்கு மேல் நன்செய்யோ 10 ஏக்கருக்கு மேல் புன்செய்யோ இருக்கக் கூடாது. அவள் பேரில் ஒரு சென்ட் இல்லாவிட்டாலும், இல்லை என்று சொல்வதற்கு மட்டும் அந்த நிலம் அவளுடையதாகிவிடுகிறது.

ஊராட்சி, பேரூராட்சிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெண்களுக்கு மூன்றில் ஒன்று என்று இருந்த இடத்தை 2016இல் பாதியாக்கிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற அமைப்புகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. ஆகவே சட்டம் வந்தும் ஐந்தாண்டுக்கு மேல் பெண்கள் காத்திருந்தார்கள். இப்போது உறுப்பினர்களாக இருக்கிறார்கள். பல ஊர்களில் அவர்களின் எண்ணுக்கு அழைத்தால் கணவர் எடுக்கிறார்; சில ஊர்களில் அவர்களே எடுக்கிறார்கள். இரண்டாவது வகை கூடிவருகிறது என்பது என் கணிப்பு. சட்டமன்றத்தில் அந்த மாற்றம்கூட இல்லை. பாப்பிரெட்டிப்பட்டி தனித் தொகுதிப் பெயராக வந்த பிறகு 2021 வரை 2011, 2016, 2019 இடைத்தேர்தல், 2021 என்று நான்கு முறை வாக்களித்தோம். நான்கு முறையும் வென்றவர்கள் ஆண்கள்.

2018இல் சென்னை–சேலம் எட்டு வழிச் சாலை வந்தது. 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டம், பத்தாயிரம் கோடி. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்களைக் கிழித்துக்கொண்டு மஞ்சவாடி வழியாகச் சேலம் போவதாகத் திட்டம். அளவைக் கல் நட வந்தபோது முன்னால் போய் நின்றவர்கள் பெண்கள். தென்னையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், மண்ணை அள்ளித் தூற்றினார்கள், போலீஸ் வேனில் ஏற்றப்பட்டார்கள். தொலைக்காட்சியில் அந்த முகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலம் கையகப்படுத்தியதை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தொடக்க அறிவிப்பு செல்லும் என்றும் அதை மட்டும் வைத்து வருவாய்ப் பதிவேட்டில் செய்த பெயர் மாற்றம் செல்லாது என்றும் சொன்னது. அப்போது நான் கவனித்தது வேறு. நிலத்தைக் கட்டிக்கொண்டு அழுதவர்களில் எத்தனை பேர் பட்டாதாரர்கள்? இழப்பீடு வந்திருந்தால் காசோலை யார் பேரில் வந்திருக்கும்? மாமன் மகள் ஒருத்தியிடம் கேட்டேன். ஒரு நாள் முழுக்கக் கல்யாண மண்டபத்தில் அடைபட்டிருந்தவள் அவள். "பேரு அவங்களுது அண்ணி. ஆனா அந்த மண்ணு என் கைய்யிலதான இருக்குது" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மஞ்சள் கறை.

சட்டம் இதற்கு வழி சொல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆனவளுக்கு மட்டும் கிடையாது. அம்மாவுக்குக் கல்யாணம் எழுபதுகளில். சித்திக்கு 1991இல். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் ஒருத்திக்குப் பங்கு உண்டு, ஒருத்திக்கு இல்லை. 1995இல் மாமாக்கள் பாகம் பிரித்துப் பதிவு செய்தபோது அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. சித்தியைக் கூப்பிட்டார்கள், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பட்டுச் சேலை கொடுத்தார்கள். மாம்பழக் கலர். சித்தி அதைக் கட்டி நான் பார்த்ததில்லை. 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் கல்யாணத் தேதி பார்க்காமல் எல்லா மகளுக்கும் பங்கு கொடுத்தது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அது தொடாது. இரண்டு சட்டமும் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து, தொடாமல் போய்விட்டன. வாணியாற்றுத் தண்ணீர்கூடக் கடைமடைக்கு என்றைக்காவது ஒரு நாள் வரும்.

அப்பா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கால்வாய்க்குக் கீழே ஒரு ஏக்கர் இருபது சென்ட். வாரிசுச் சான்றில் ஐந்து பேர்: அம்மா, நாங்கள் மூன்று பெண்கள், தம்பி. அக்காக்கள் இருவரும் தம்பிக்கு விடுதலை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் எழுதவில்லை. தம்பி கெட்டவன் இல்லை. "மாசம் சம்பளம் வாங்கற. உனக்கு இந்தக் கால் காணி எதுக்குக்கா?" என்று ஒருமுறை கேட்டான்; பிறகு பேசுவதை நிறுத்திவிட்டான். பொங்கலுக்குச் சீர் வருவதும் நின்றது. பெரியக்கா தொலைபேசியில், "பொறந்த வீட்டு வாசலை நீயே அடைச்சுக்கற" என்றாள். பணத்துக்காக இல்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன். பணத்துக்காகவும்தான். என் மகள் ஒருநாள் "இது யாருது?" என்று கேட்டால் ஒரு சர்வே எண்ணைக் காட்ட வேண்டும் எனக்கு.

நான் கேட்பது கூட்டுப் பட்டா, அம்மா பேர் முதலில். தம்பி முடியாது என்கிறான். அம்மா ஆரம்பத்தில் அவன் பக்கம்தான் இருந்தாள். "நாளைக்கு எனக்குக் கொள்ளி வைக்கறவன் அவன்" என்பாள். நான் மறுத்துப் பேசியதில்லை. ஊருக்குப் போவேன், அவளோடு கீரை ஆய்வேன், மாலை பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவேன்.

போன மாதம் போயிருந்தபோது அம்மா பீரோவிலிருந்து குழுவின் பழைய பாஸ்புக்கை எடுத்து வந்தாள். அதில் அவள் கையெழுத்துக்கு முன்னால் அம்மாயி வீட்டுத் தாத்தாவின் முதலெழுத்து. ஆதார் அட்டையில் அப்பாவின் முதலெழுத்து. "பட்டாவுல பேரு போடறதுன்னா எந்த எழுத்து போடுவாங்க?" என்று கேட்டாள். அவளாகவே கேட்டது அதுதான் முதல்முறை. ஆதாரில் இருப்பதுதான் செல்லும் என்றேன். கொஞ்ச நேரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதான எனக்குக் கை பழகியிருக்குது" என்றாள், பாஸ்புக்கைத் தொட்டு.